போர்டு போனா கம்ப்யூட்டரே போச்சா?

இன்னும் எரிச்சல் அடங்கல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதப் போறேன், பொறுமையாப் படிங்க.

எங்க மாமா கும்பகோணத்துல டிடிபி வேலை பண்றவர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ்... அவங்க தெருவுல பாதி விசேஷம் அவர் கம்ப்யூட்டர் வழியாத்தான் நடக்கும். கோரல்டிரா, பாமினி ஃபான்ட், பில் போட ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எழுத்தெல்லாம் அழிஞ்சுபோன டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. இதுதான் அவரோட தொழிற்சாலை.

சிஸ்டம் 2017-ல அசெம்பிள் பண்ணினது. ஐ5-7400 பிராசசர், 8 ஜிபி ரேம் ரெண்டு, நடுவுல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு நான் போட்டுக்குடுத்த எஸ்எஸ்டி. நல்லா ஓடிட்டிருந்தது.

போன ஐப்பசி மழையில பக்கத்துல எங்கயோ இடி விழுந்திருக்கு. மறுநாள் காலையில சிஸ்டம் ஆன் ஆகல.

மாமா சிபியூவைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போயிருக்கார். அங்க சொன்னது இதுதான்:

"போர்டு அவுட்டு சார். இந்த சாக்கெட்டுக்கு இப்ப போர்டே வர்றதில்ல. மொத்தமா மாத்திடுங்க. ஆல்-இன்-ஒன் ஒண்ணு எடுத்துட்டீங்கன்னா ஒயர் தொல்லையே கிடையாது."

மாமா எனக்கு போன் பண்ணினார். "என்ன மாப்ள, எட்டு வருஷம்தானே ஆச்சு. அதுக்குள்ள எல்லாமே குப்பையா?"

நியாயமான கேள்வி. கெட்டது ஒரு பார்ட். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், மானிட்டர், கீபோர்டு எதையுமே அந்தக் கடையில யாரும் டெஸ்ட் பண்ணக்கூட இல்ல. டயர் தேஞ்சதுக்கு சைக்கிளை எடைக்குப் போடச் சொல்ற மாதிரி இருந்தது எனக்கு.

"மாமா, எதையும் குடுத்துடாதீங்க, எதுவும் வாங்கிடாதீங்க. நான் வர்றேன்"னு சொல்லிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

முதல் வேலை, எது உயிரோட இருக்குன்னு பாக்கறது. (உங்க வீட்ல சிஸ்டம் படுத்தா நீங்களும் முதல்ல இதைப் பண்ணுங்க. பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல.)

பவர் சப்ளையை போர்டுலேர்ந்து கழட்டி, 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால சேர்த்தேன். ஃபேன் சுத்துச்சு. "அது நல்லாத்தான் இருக்கு"ன்னு மாமாவுக்கு சந்தோஷம். ஆனா ஃபேன் சுத்தறது மட்டும் போதாது. மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கணும். 12 வோல்ட் லைன்ல 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம்னு ஏடிஎக்ஸ் விதி இருக்கு. அதாவது 11.4-க்குக் கீழ போகக் கூடாது. இது லோடே இல்லாதப்பவே அதுக்குக் கீழ காட்டுச்சு. பவர் சப்ளைக்கு விடை குடுத்தாச்சு.

எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேஸ்ல போட்டு என் லேப்டாப்ல சொருகினேன். எல்லா ஃபைலும் இருந்தது. மாமா மூஞ்சியில அப்பதான் ரத்தம் வந்துது. வருஷக்கணக்கா சேர்ந்த டிசைன் இல்லையா.

ரேம் ரெண்டையும் சென்னைக்கு எடுத்துட்டு வந்து, என் சிஸ்டத்துல போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரு எர்ரர் இல்ல. பிராசசரை, சிப் லெவல் சர்வீஸ் பண்ற நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்த வேற போர்டுல போட்டுப் பார்த்தோம். அதுவும் ஜம்முன்னு ஓடுச்சு.

ஆக, போனது போர்டும் பவர் சப்ளையும். அவ்வளவுதான்.

"இந்த சாக்கெட்டுக்கு போர்டே வர்றதில்ல"ன்னு சொன்னது? ரிச்சி ஸ்ட்ரீட்டுல போய்க் கேட்டேன். பெரிய பிராண்டு எதுவும் இப்ப பண்றதில்ல, அது உண்மை. ஆனா சின்ன பிராண்டுகள்ல 1151 சாக்கெட் போர்டு புதுசாவே கிடைக்குது. பழசுன்னா இன்னும் நிறையவே கிடைக்குது.

இங்கதான் ஒரு பழைய கதை சொல்லியாகணும், ஏன்னா இந்த 1151 சாக்கெட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

இன்டெலோட 6-ஆம் தலைமுறை 2015-ல இந்த சாக்கெட்டோட வந்தது. 7-ஆம் தலைமுறை 2017 ஜனவரியில, அதே சாக்கெட். அதே வருஷம் அக்டோபர்ல 8-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வந்துது. அதுவும் 1151 பின்தான், அதே அளவு, அதே குழி. ஆனா பழைய போர்டுல ஓடாது, புது 300 சீரிஸ் போர்டு வாங்கணும்னு சொல்லிட்டாங்க. முன்னாடி சும்மா இருந்த சில பின்கள்ல இப்ப கரன்ட் போகுது, ஆறு கோருக்கு அது வேணும்னு காரணம். அதுல ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனா கொஞ்ச நாள்ல ஆர்வக்காரங்க பயாஸை மாத்தி, சிப்புல சில பின்னுக்கு டேப் ஒட்டி, பழைய 100, 200 சீரிஸ் போர்டுலயே 8-ஆம் தலைமுறையை ஓட்டிக் காட்டிட்டாங்க!

2017-ல போர்டு வாங்கினவங்களுக்கு அந்த வருஷக் கடைசிக்குள்ளயே மேல போற படிக்கட்டு எடுக்கப்பட்டுடுச்சு. மாமாவும் அதுல ஒருத்தர். அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லையே, அவர் பத்திரிகை அடிக்கிறவர்.

அடுத்த கதை இதோட ஒட்டினது. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. இன்டெல்னா 8-ஆம் தலைமுறைலேர்ந்து, ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ்லேர்ந்துதான் பொதுவா அதோட ஆதரவுப் பட்டியல்ல இடம். 2017 தொடக்கத்துல சாதாரண டெஸ்க்டாப்புக்கு இன்டெல் வித்ததுலயே பெரிய சிப் ஐ7-7700கே. அஞ்சு வயசுகூட ஆகாம அதுக்கும் இடமில்லன்னு ஆச்சு. அதே 7-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்கள்ல 7820எச்க்யூ ஒண்ணுக்கு மட்டும் பின்னாடி விலக்கு குடுத்தாங்க. மைக்ரோசாஃப்டே வித்துக்கிட்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள்ள இருந்தது அந்தச் சிப்தான். இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் கோபம் வரும். பாதுகாப்புதான் காரணம்னா எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விருப்பப்பட்டா இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு நீட்டிப்பு குடுத்தாங்க.

திட்டமிட்டே காலாவதி ஆக்கறாங்கன்னு பேச்சு வந்தா எல்லாரும் 1924-ல ஜெனீவாவுல பல்பு கம்பெனிகள் கூடி, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல எரியாத பல்பு பண்ணலாம்னு ஒப்பந்தம் போட்ட கதையைத்தான் சொல்வாங்க. அங்க பொருளையே சீக்கிரம் சாகற மாதிரி பண்ணினாங்க. டெஸ்க்டாப் அப்படிக் கிடையாது. சிலிக்கான் சிப் லேசுல சாகாது. மாமாவோட பிராசசர் இடி தாங்கி நிக்குது! அதோட ஆயுசை முடிக்கறது ஒரு பட்டியல், ஒரு பயாஸ் ஃபைல், ஒரு சாக்கெட் முடிவு. பொருள் நல்லா இருக்கறப்பவே அதுக்கு அனுமதி போயிடுது.

மாமாவோட ஐ5-7400-உம் 7-ஆம் தலைமுறைதான். 1151 போர்டு வாங்கிப் போட்டாலும் விண்டோஸ் 11 பட்டியல்ல வராது. சரி, அப்ப என்ன வாங்கறது?

மாமா முன்னாடி இருந்த வழிகளை ஒவ்வொண்ணாப் பேசினோம்.

ஆல்-இன்-ஒன். கடைக்காரர் சொன்னது. மேஜை சுத்தமா இருக்கும், உண்மைதான். ஆனா ஸ்கிரீன், போர்டு, பவர் எல்லாம் ஒரே உடம்பு. போர்டு போனா நல்ல ஸ்கிரீனும் சேர்ந்து போகும். ஸ்கிரீன் போனா நல்ல போர்டும் போகும். ஆப்பிளோட ஐமேக்ல முன்னாடி ஒரு நல்ல வசதி இருந்தது. 2009-லேர்ந்து 2014 வரைக்கும் வந்த சில மாடல்களை வேற மேக்குக்கு வெறும் மானிட்டராப் பயன்படுத்திக்கலாம். 5கே ஸ்கிரீன் வந்ததும் அதை எடுத்துட்டாங்க. அவ்வளவு அழகான பேனல், உள்ள இருக்கற கம்ப்யூட்டர் கிழவனானதும் அதோடயே ஓய்வு. (இப்ப சில பேர் அதைப் பிரிச்சு, தனியா கன்ட்ரோலர் போர்டு வாங்கி மாட்டி மானிட்டரா மாத்தறாங்க. அவங்களுக்கு என் வணக்கம்.)

மாமாவோட மானிட்டர் நல்லா இருக்கறப்ப அவருக்கு ஆல்-இன்-ஒன் எதுக்கு? வேணாம்.

மினி பிசி. இது எனக்கே பிடிக்கும். கரன்ட் கம்மி, சத்தம் கம்மி. நிறைய மாடல்ல லேப்டாப் ரேம் ஸ்லாட் ரெண்டு, எஸ்எஸ்டி ஸ்லாட் எல்லாம் இருக்கு. எழுத, படிக்க, நெட் பாக்கன்னா தாராளமா வாங்கலாம். ஆனா ரேம் போர்டோட சால்டர் பண்ணியிருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

சால்டர் பண்ணினாலே சதின்னும் நான் சொல்ல மாட்டேன். ஆப்பிள் எம் சீரிஸ்ல ரேம் பிராசசர் பேக்கேஜுலயே உக்காந்திருக்கு. அதனால வர்ற வேகம் நிஜமானது. ரிப்பேர் பண்ற உரிமைக்காகவே பேர் வாங்கின ஃப்ரேம்வொர்க் கம்பெனிகூட 2025-ல அறிவிச்ச டெஸ்க்டாப்ல ரேமை சால்டர்தான் பண்ணியிருக்கு. அந்த ஏஎம்டி சிப்புக்கு வினாடிக்கு 256 ஜிபி வேகம் வேணும், கழட்டி மாட்டற ரேம்ல அது சரியா வரலன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. ஆனா போர்டு சாதாரண மினி-ஐடிஎக்ஸ் அளவு. நாளைக்கு அதைக் கழட்டிட்டு எந்த மினி-ஐடிஎக்ஸ் போர்டையும் அந்தப் பெட்டியில வெக்கலாம். இப்படி இருந்தா எனக்குச் சண்டை கிடையாது. ஒண்ணை மூடினா ஏன் மூடினோம்னு சொல்லுங்க, மத்ததைத் திறந்து வையுங்க.

செகண்ட்ஸ்ல கிடைக்கற பிராண்டட் ஆபீஸ் டவர். மாமாவோட நண்பர் இதைத்தான் வாங்கச் சொன்னார். விலை ரொம்பக் குறைவு, பெட்டி இரும்பு மாதிரி இருக்கும். 8-ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ பார்த்து வாங்கினா நல்ல வழிதான். ஆனா கேபினெட்டைத் திறந்து ஒரு தடவை உள்ள பாருங்க. நிறைய மாடல்ல பவர் சப்ளை அவங்களோட சொந்த வடிவம், கனெக்டர் 24 பின் இருக்காது, போர்டுல ஸ்க்ரூ ஓட்டைகூட வேற இடம். பவர் சப்ளை போனா அதே மாடலுக்கானதைத் தேடி அலையணும். தேடினா கிடைக்கும், அடாப்டரும் இருக்கு. ஆனா கும்பகோணத்துல ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அது போச்சுன்னா?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். எது கெட்டாலும் பக்கத்துக் கடையில கிடைக்கற பொருளால மறுநாள் ஓட வைக்க முடியுமா?

அப்கிரேடுன்னு சொன்னதும் எல்லாரும் வேகத்தைப் பத்தியே பேசறாங்க. "பின்னாடி பெரிய பிராசசர் போட்டுக்கலாம்"னு விலை உயர்ந்த போர்டு வாங்கறாங்க. நான் பார்த்தவரைக்கும் பின்னாடி பிராசசர் மாத்தினவங்க ரொம்பக் கம்மி. மாத்தலாம்னு நினைக்கறப்ப சாக்கெட் மாறியிருக்கும், டிடிஆர்4 போய் டிடிஆர்5 வந்திருக்கும். ஜனங்க நிஜமா மாத்தறது ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை. கேம் ஆடறவங்கன்னா கிராஃபிக்ஸ் கார்டு.

இதுக்கு ஒரு பெரிய விதிவிலக்கு ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட். 2016-ல வந்தது. அதுக்குப் புது சிப் 2024 ஜனவரியிலகூட வந்துது. 2017-ல வாங்கின பி350 போர்டுல 2022-ல வந்த 5800எக்ஸ்3டியைப் போட்டு ஓட்டினவங்க இருக்காங்க. இதுவும் தானா வந்துடல. 2020-ல ரைசன் 5000 சீரிஸ் வர்றதுக்கு முன்னாடி, 400 சீரிஸ் போர்டுகளுக்குக்கூட ஆதரவு கிடையாதுன்னுதான் ஏஎம்டி சொல்லிச்சு. பயாஸ் சிப்புல இடம் பத்தாதுங்கறது காரணம். வாங்கினவங்க கூச்சல் போட்டாங்க. கம்பெனி இறங்கி வந்துது. 2022-ல முதல் தலைமுறை 300 சீரிஸ் போர்டுக்கும் பயாஸ் வந்துடுச்சு. சில போர்டுல இடம் பத்தலன்னு பயாஸ்ல இருந்த படம், அலங்காரத்தை எல்லாம் எடுத்துட்டாங்க. யாருக்கு வேணும் அந்த அலங்காரம்?

கேக்கணும். கேட்டா நடக்குது.

மாமாவுக்கு நாங்க முடிவு பண்ணினதும் ஏஎம்4-தான். அதுக்குக் காரணம் அவர் கையில இருந்த ரேம்.

2025 கடைசியில ரேம் விலை எப்படி ஏறிச்சுன்னு கடைக்குப் போனவங்களுக்குத் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்பெல்லாம் போகுது. டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, க்ருஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விக்கறதையே நிறுத்தப் போறோம்னு அறிவிச்சுடுச்சு. இந்த நேரத்துல, ஏஎம்4-க்கு அடுத்ததா வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டு வாங்கினா டிடிஆர்5 ரேம் புதுசா வாங்கியே ஆகணும். மாமாகிட்ட இருக்கறது டிடிஆர்4. ஏஎம்4 போர்டுல அது அப்படியே உக்காரும்.

ஏஎம்5-க்கு இன்னும் வருஷக்கணக்கா புது சிப் வரும், அது எனக்குத் தெரியும். கேம் ஆடற, வீடியோ எடிட் பண்ற சின்னப் பையன் கேட்டிருந்தா, கொஞ்சம் பணம் சேர்த்து அங்க போன்னுதான் சொல்லியிருப்பேன். மாமாவுக்கு 62 வயசு. அவருக்கு வேணுங்கறது கோரல்டிரா திறக்கணும், தொங்காம இருக்கணும். நாளைக்கு வரப் போற சிப்புக்காக இன்னிக்கு நல்ல ரேமை வீசறது எனக்குச் சரியாப் படல.

அதனால மைக்ரோ ஏடிஎக்ஸ் பி550 போர்டு, ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கு, தனி கார்டு வேணாம், விண்டோஸ் 11 பட்டியல்லயும் இருக்கு. அவரோட பழைய ரேம் 2400 வேகம்தான். இந்த மாதிரி சிப்புல ரேம் வேகம் குறைஞ்சா கேம் ஓடறது கொஞ்சம் அடிபடும். பத்திரிகை டிசைனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, பக்கத்துல உக்காந்து பார்த்தேன். பவர் சப்ளைல மட்டும் நான் பேரம் பேசவே இல்ல, நல்லதா, வாரன்ட்டி நீளமா இருக்கறதா வாங்க வெச்சேன். இன்னொரு ராத்திரி இடி விழும், அன்னிக்கு முதல்ல அடி வாங்கப் போறது அதுதான்.

(விண்டோஸ் லைசென்ஸ் பத்தி ஒண்ணு. ரீடெயில் லைசென்ஸ்னா புது போர்டுக்கு மாத்திக்கலாம். சிஸ்டத்தோடயே வந்த ஓஇஎம் லைசென்ஸ்னா பொதுவா பழைய போர்டோடயே போயிடும். போர்டு விலையோட இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.)

பழைய கேபினெட்டைத் துடைச்சு அதுலயே மாட்டினோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் இது. ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் கொண்டு வந்தது 1995-ல. அதோட தம்பிதான் மைக்ரோ ஏடிஎக்ஸ். இன்டெல் போர்டுக்காக 2017-ல வாங்கின பெட்டியில இப்ப ஏஎம்டி போர்டு, ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொண்ணும் நேரா வந்து நிக்குது. பவர் ஸ்விட்ச் ஒயர், ரீசெட் ஒயர், லைட் ஒயர் எல்லாம் அதே ஒன்பது பின் கனெக்டர்ல அதே வரிசையில போய் உக்காருது. போட்டி போட்டுக்கற கம்பெனிங்க எல்லாம் இத்தனை வருஷமா ஒரே அளவை மதிச்சு வர்றாங்க பாருங்க, மனுஷங்க சேர்ந்து பண்ணின நல்ல காரியங்கள்ல இதையும் ஒண்ணாச் சேர்ப்பேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு பேரலல் போர்ட் வேணும், புது போர்டுல கிடையாது. சின்ன பிசிஐஇ கார்டு ஒண்ணு வாங்கிச் சொருகினோம். டிரைவர் கொஞ்சம் அடம் பிடிச்சுது. போர்ட் முகவரியை மாத்தி மாத்தி, டெஸ்ட் பிரிண்ட் குடுத்துக் குடுத்து ஒருவழியா பில் வந்துது. மாமா அந்தத் துண்டுப் பேப்பரைக் கிழிச்சு கல்லாப்பெட்டியில வெச்சுக்கிட்டார்.

ஆல்-இன்-ஒன்ல இந்தக் கார்டை எங்க சொருகுவீங்க?

டெஸ்க்டாப் வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். விளம்பரத்துல இருக்கற ஜிகாஹெர்ட்ஸை அப்புறம் பாக்கலாம். கடையிலயே பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்க. பவர் சப்ளைல 24 பின் இருக்கா? போர்டு ஏடிஎக்ஸோ, மைக்ரோ ஏடிஎக்ஸோ, மினி-ஐடிஎக்ஸோதானா? ரேம் ஸ்லாட் ஒண்ணாவது காலியா இருக்கா? திறக்க மாட்டேன், வாரன்ட்டி போயிடும்னு சொன்னா அடுத்த கடைக்குப் போங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டுல அடுத்த கடை பத்தடி தூரத்துலதான் இருக்கு.

கடைசியா ஒரு விஷயம். மாமாவோட ஐ5-7400 நல்ல நிலையில என்கிட்ட இருக்கு. பெருசா எதுக்கும் இல்லன்னாலும், லினக்ஸ் போட்டா ஒரு ஸ்கூல் புள்ளைக்கு தாராளமா ஓடும். 100 இல்லன்னா 200 சீரிஸ் 1151 போர்டு சும்மா வெச்சிருக்கவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. காசு வேணாம், கூரியர்ல அனுப்பிடறேன். போர்டு பேரும் பயாஸ் வெர்ஷனும் மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. சில 100 சீரிஸ் போர்டுல 7-ஆம் தலைமுறைக்கு பயாஸ் அப்டேட் பண்ணினாத்தான் ஓடும்.